கிளாப் நெடுவரிசையில் உள்ள தமிழ் உரையைப் பைத்தானில் படித்தல்

ஆரக்கிள் தரவுத்தளத்தில் கிளாப் (CLOB) எனப்படும் பெரிய உரைகளுக்கான வகையில் சேமிக்கப்பட்டிருந்த தமிழ்க் கட்டுரைகளைப் பைத்தான் கொண்டு எடுத்து, சொற்களை எண்ணும் வேலை அண்மையில் எனக்கு வந்தது. முதல் பதிவை அச்சிட்டுப் பார்த்தபோது, கட்டுரைக்குப் பதிலாக லாப் ஆப்ஜெக்ட் என்ற பெயரும் ஒரு நினைவக முகவரியும்தான் திரையில் வந்தன. இது பிழையன்று. 2022 வரை சிஎக்ஸ்-ஆரக்கிள் என்று வழங்கிவந்த பைத்தான்-ஆரக்கிள்டிபி நூலகம், பெரிய உரையை நேரடியாகத் தராமல், அது இருக்கும் இடத்தைச் சுட்டும் லொக்கேட்டரையே இயல்பாகத் தருகிறது. ரீட் என்று அழைத்த பிறகே உரை கைக்கு வருகிறது.

அந்த அழைப்பு ஒவ்வொன்றும் சர்வர் வரை போய்த் திரும்ப வேண்டும். ஒரு தடவைக்கு 20 மில்லிநொடி என்று வைத்துக்கொண்டாலும், 50,000 பதிவுகளுக்குப் பதினாறு நிமிடங்களுக்கு மேல் போக்குவரத்திலேயே கழிந்துவிடும். ஃபெட்ச் லாப்ஸ் என்ற அமைப்பை ஃபால்ஸ் என்று மாற்றிவிட்டால், 1 ஜிபிக்கு உட்பட்ட உரைகள் பதிவோடு சேர்ந்து சாதாரண ஸ்ட்ரிங்காகவே வந்துவிடுகின்றன. பெரும்பாலான வேலைகளுக்கு இதுவே சரியான வழி என்பது என் உறுதியான கருத்து. வினவலின் முடிவுகளை எடுத்துத் தரும் கர்சரின் அரேசைஸ், அதாவது ஒரு தடவைக்கு அது எடுத்துவரும் பதிவுகளின் எண்ணிக்கை, இயல்பாக 100 என்பதால், உரைகள் மிகப் பெரியவையாக இருந்தால் மட்டும் அதைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரே பதிவு நினைவகத்துக்கு அடங்காத அளவில் இருந்தால், தொடக்க இடத்தையும் நீளத்தையும் கொடுத்துத் துண்டு துண்டாகப் படிக்கலாம். இங்கே தொடக்கம் 0 அன்று, 1. தமிழுக்குக் கவனம் தேவைப்படுவது இந்த இடத்தில்தான். கண்ணுக்கு ஓரெழுத்தாகத் தெரியும் 'கொ', யூனிகோடில் ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டு குறியீடுகள். துண்டின் எல்லை அவற்றின் நடுவே விழுந்தபோது, 'கொற்கை' என்ற சொல்லின் ககரம் ஒரு துண்டின் கடைசியில் தனியே நின்றது. அடுத்த துண்டு துணைக்குறியோடு தொடங்கியது. என் கணக்கில் ஒரு சொல் இரண்டாகிவிட்டது. துண்டுகளைக் கோப்பில் அப்படியே அடுத்தடுத்து எழுதினால் எந்தச் சேதமும் இல்லை. துண்டுக்குள்ளேயே எண்ணவோ தேடவோ வேண்டுமானால், கடைசி இடைவெளிக்குப் பின்னுள்ள பகுதியை எடுத்துவைத்து, அடுத்த துண்டின் முன்னால் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடைசித் துண்டு முடிந்தபின் கையில் மிஞ்சும் பகுதியையும் மறக்காமல் எண்ணிவிட வேண்டும்.