மாங்கூழ் டிரம்களுக்குக் கப்பல் கிடைக்காத வருஷம்

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் ஏற்றுமதி வேலை பார்க்கிறேன். சென்னைத் துறைமுகம் இங்கிருந்து இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். ஆனாலும் என் நாளில் பாதி கப்பல் கணக்கில்தான் போகும்.

2021 சீசனில் பெங்களூரா மாம்பழத்தை அரைத்து அடைத்த டிரம்களால் குடோன் நிரம்பிவிட்டது. காலி கண்டெய்னர் கிடைக்கவில்லை. ஜெத்தாவுக்குப் போட்ட புக்கிங்கைக் கப்பல் நிறுவனம் இரண்டு முறை ரத்து செய்தது. மூன்றாவது முறை இடம் கொடுத்தபோது கட்டணம் மூன்று மடங்கு. வேறு வழியில்லாமல் கட்டினோம். பழத்துக்குப் பாக்கி வாங்க வந்த விவசாயி ஒருவர் காரணத்தைக் கேட்டுவிட்டு, "நம்ம நாட்டுக்குன்னு கப்பல் இல்லீங்களா சார்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

அதுவரை கட்டணம் குறைந்தால் போதும், எந்த நாட்டுக் கொடி பறந்தால் என்ன என்றிருந்தவன் நான். 1906-ல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியை முறிக்க வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போனது. பள்ளியில் படித்ததுதான். போட்டிக்கு ஆள் இருக்கும்வரைதான் அந்த மலிவு என்பது அந்த வருஷம்தான் உறைத்தது.

அமெரிக்கா தன் துறைமுகங்களுக்கு இடையே சரக்கு ஏற்றும் உரிமையை 1920-ல் வந்த ஜோன்ஸ் சட்டத்தால் உள்நாட்டில் கட்டிய கப்பல்களுக்கே வைத்திருக்கிறது. உலக வர்த்தக அமைப்பு உருவானபோதும் அதற்கு விலக்கு வாங்கிக்கொண்டது. நம் அயல்நாட்டுச் சரக்கில் பத்தில் ஒரு பங்கைக்கூட இந்தியக் கப்பல்கள் ஏற்றுவதில்லை. கையில் மிச்சமிருப்பது கரையோரப் போக்குவரத்து, அதாவது நம் துறைமுகங்களுக்கு இடையே சரக்கு ஏற்றுவது. அதிலும் 2018-ல் ஏற்றுமதி, இறக்குமதி கண்டெய்னர்களுக்கு வெளிநாட்டுக் கப்பல்களை அனுமதித்தார்கள். சரி, கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாற்றி ஏற்றும் நம் சரக்கு நம் துறைமுகத்துக்கே வரட்டும் என்பது நியாயமான காரணம்தான். ஆனால் நாமே தளர்த்தியதை நாளைக்கு நாமே இறுக்கிக்கொள்ளலாம். கரையோரத்தில் வெளிநாட்டுக் கப்பல்களுக்கு இடம் உண்டு என்று இன்னொரு நாட்டோடு போடும் வர்த்தக ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால், திரும்பப் பெற எதிர்த்தரப்புக்கு ஈடு கொடுக்க வேண்டிவரும். வர்த்தகப் பேச்சுவார்த்தையில் உட்காருகிறவர்கள் அந்த ஒரு வரியை மட்டும் எழுதிக் கொடுத்துவிடக் கூடாது என்று மனதார வேண்டுகிறேன்.

முதலாளி இதை ஒப்புக்கொள்ளமாட்டார். "இந்தியக் கப்பலுக்குப் பாதுகாப்புன்னு சொல்லிக் கப்பல் கட்டணத்தை ஏத்துனா யாருப்பா கட்டுறது? நாமதானே?" என்பார். அவர் பயம் பொய்யில்லை. பாதுகாத்தால் மட்டும் கப்பல் வந்துவிடாது; வாங்கக் குறைந்த வட்டியில் கடன் வேண்டும், ஏற்ற நிலையான சரக்கு வேண்டும்.

அப்புறம் 2024-ல் செங்கடல் தாக்குதல்களால் நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகத்துக்குப் போகும் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. கூடுதல் கட்டணம் போட்ட பில்லை முதலாளி மேசையில் வைத்தேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இந்தியக் கம்பெனி எதுவும் அந்தப் பக்கம் போகுதா, கேட்டுப் பாரு" என்றார்.