'பட்' என்று ஒரு சத்தம், அப்புறம் எட்டு மாதம்

மூச்சு விடாமல் பதினைந்து புல்-அப் எடுப்பேன். பாறை ஏற அது போதும் என்று நினைத்திருந்தேன். பயிற்சிச் சுவரில் ஏறத் தொடங்கிய மூன்றாவது மாதம், ஒரு மெல்லிய விளிம்பில் விரல்களை மடக்கி, மேலே கட்டைவிரலையும் பூட்டித் தொங்கியபோது கால் வழுக்கியது. மொத்த எடையும் விரல்களுக்கு வந்தது. மோதிர விரலின் அடியில் 'பட்' என்று ஒரு சத்தம். கீழே கயிறு பிடித்திருந்தவருக்கே கேட்டிருக்கிறது.

பிசியோதெரபிஸ்ட் ஒரு தூண்டிலை வரைந்து காட்டினார். தூண்டில் கழியில் நூல் சிறு வளையங்களுக்குள் ஓடுகிறதல்லவா, விரலை மடக்கும் தசைநாணும் அப்படித்தான் எலும்பை ஒட்டி ஓடுகிறது. அதில் விரலடியில் இருக்கும் ஏ2 என்ற வளையம்தான் எனக்குக் கொஞ்சம் கிழிந்திருந்தது. தசை சில வாரங்களிலேயே பலம் பெறும், தசைநாணுக்கும் இந்த வளையங்களுக்கும் மாதக்கணக்கில் ஆகும் என்றார். என் கைத்தசை முந்தி ஓடிவிட்டது, விரல் இன்னும் கிளம்பவே இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

ஆறு வாரம் சுவரைத் தொடக் கூடாது. ஆனால் எட்டு மாதம் கழித்து 5,000 மீட்டருக்கு மேல் உள்ள ஒரு சிகரத்தில் ஏறப்போகும் குழுவில் பெயர் கொடுத்திருந்தேன். சரி, கால்களையாவது கவனிப்போம் என்று ஓட ஆரம்பித்தேன். அதிலும் தப்பு. தினமும் நாக்கு தள்ளும்வரை ஓடினேன், பத்தே நாளில் சோர்ந்துபோனேன். சிகர நாள் என்பது பத்துப் பன்னிரண்டு மணி நேரம் மெதுவாக நடப்பது. அதற்கு, முழு வாக்கியம் பேசிக்கொண்டே போக முடிகிற வேகம்தான் சரியான பயிற்சி. என்னை விட இருபது வயது மூத்தவர்கள் கடந்து போனார்கள். கௌரவம்தான் கொஞ்சம் அடிவாங்கியது.

அப்புறம் முதுகுப்பை. தண்ணீர் கேன்களை அடுக்கி 5 கிலோவில் தொடங்கி 15 கிலோ வரை படியேறினேன். உச்சியில் தண்ணீரைக் கொட்டிவிட்டு இறங்குவது பழைய தந்திரம், முழங்கால் பிழைக்கும். ஆனால் முதல் நீண்ட மலைநடைக்கு மறுநாள் என்னால் வீட்டு மாடிப்படி இறங்க முடியவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கினேன். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. அந்தப் பழக்கம் தனியாக வர வேண்டும். அதனால் ஒரு தாழ்ந்த படியில் ஒற்றைக்காலில் நின்று, மற்றக் காலை நான்கு எண்ணுவதற்குள் மெல்லத் தரையில் வைக்கும் பயிற்சியைச் சேர்த்தேன். கடைசி இரண்டு மாதம் பாதித் தண்ணீரைக் கொட்டாமல் சுமந்துகொண்டே இறங்கினேன்.

விரலுக்குத் திரும்பியது பயந்து பயந்துதான். 20 மில்லிமீட்டர் விளிம்பு, கால் ஒரு நாற்காலியில், விரல்களை முழுதாக மடக்காத பிடி. பத்து விநாடி தொங்கல், மூன்று நிமிட ஓய்வு, ஆறு முறை. வாரத்தில் இரண்டே நாள். தொங்குவதை விட அந்த மூன்று நிமிடம் சும்மா இருப்பதுதான் கஷ்டம். பக்கத்திலேயே கேம்பஸ் போர்டு இருந்தது, மரச்சட்டங்களில் காலே வைக்காமல் கையால் தாவும் பலகை. 1988-ல் வோல்ஃப்காங் குலிச் ஜெர்மனியின் நூரம்பெர்க்கில் உருவாக்கியது. ஏற்கெனவே உலகின் முன்னணி ஏறுநர்களில் ஒருவராக இருந்தவர் தனக்காகச் செய்துகொண்ட கருவி அது. கை அரிக்கத்தான் செய்தது. தொடவில்லை.

யோசித்துப் பார்த்தால் விரல் கிழியக் காரணம் கால் வழுக்கியதுதான். ஆகவே ஒவ்வொரு முறையும் முதல் கால் மணி நேரம், சுலபமான பாதையில் ஷூ சத்தமே வராமல் ஏறிப் பழகினேன். சத்தம் வந்தால் அந்தக் காலை எடுத்து மறுபடி வைக்க வேண்டும். பலம் கூட்டியதை விட இதில்தான் அதிகம் முன்னேறினேன் என்று இப்போதும் நினைக்கிறேன்.

மலையில் இன்னொரு பாடம் காத்திருந்தது. எங்கள் குழுவிலேயே வேகமானவர்தான் முதலில் தலைவலியும் வாந்தியுமாகப் படுத்தார். 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறையப் பாதிதான். எவ்வளவு பயிற்சி எடுத்திருந்தாலும் உயரநோய் வரலாம். 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பதை வழிகாட்டி விட்டுக்கொடுக்கவே இல்லை. நண்பர் கீழே இறக்கப்பட்டதும் தேறிவிட்டார்.

சிகர நாளில் ஏழு மணி நேரம் ஏற்றம், ஐந்து மணி நேரம் இறக்கம். உச்சியில் எடுத்த படத்தில் என் முகம் வீங்கியிருக்கிறது, அதை யாருக்கும் காட்டுவதில்லை. ஊர் திரும்பிய மறுநாள் காலை மாடிப்படி இறங்கிப் பார்த்தேன். நேராக, கைப்பிடியைத் தொடாமல். கீழே போனதும் மறுபடி ஏறி, இன்னொரு முறையும் இறங்கினேன்.