ஏன் நாலு? ஏன் ரெண்டு இல்லை?

குடியையோ வேறு போதையையோ விடுவதைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: “அவனுக்கா தோணணும்.” பாதி உண்மை. தோன்ற வேண்டியது அவருக்குத்தான். ஆனால் அதுவரை மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு வந்தால்தான் ஆள் திருந்துவார் என்பது பொய்யான மீதிப் பாதி. அதை நம்பித்தான் பல வருஷங்கள் வீணாகின்றன. விடுவதற்கான தயார்நிலை ஒரே உரையாடலுக்குள்ளேயே ஏறும், இறங்கும். ஒரு ஆலோசகரிடம் பத்தே நிமிஷத்தில் முறைத்துக்கொண்டு எழுந்து போனவர், இன்னொருவரிடம் அடுத்த வாரமும் வந்து உட்கார்ந்திருப்பார். ஆள் மாறவில்லை, பேச்சுதான் வேறு.

வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் குடிநோயாளிகளோடு பேசும் முறையைப் பற்றி 1983-இல் எழுதிய கட்டுரையில் தொடங்கியது, மோதாமல் பேசி மனத்தைத் திருப்பும் இந்த வழி. 1991-இல் ஸ்டீபன் ரோல்னிக்கோடு சேர்ந்து அதை முழு நூலாக விரித்தார். மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங் என்று பெயர். தமிழில் ஊக்க நேர்காணல் எனலாம். அந்தக் காலத்தில் போதை சிகிச்சை என்றாலே நோயாளியின் மறுப்பை உடைப்பது, முகத்துக்கு நேரே குற்றத்தை அடுக்குவது என்றுதான் பல இடங்களில் இருந்தது. மில்லரும் கூட்டாளிகளும் 1993-இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு நேர்மாறாகச் சொன்னது: ஆலோசகர் எவ்வளவுக்கு எவ்வளவு மோதினாரோ, ஒரு வருஷம் கழித்து அந்த நபர் அவ்வளவுக்கு அவ்வளவு அதிகமாகக் குடித்துக்கொண்டிருந்தார்.

காரணம் எளிது. போதையில் இருப்பவருக்கு அதை விட வேண்டும் என்றும் இருக்கிறது, வேண்டாம் என்றும் இருக்கிறது. இரண்டு மனமும் ஒரே ஆளுக்குள். நீங்கள் “விட்டுடுங்க” என்ற பக்கத்தை எடுத்துக்கொண்டால் அவருக்கு மிஞ்சுவது மற்றப் பக்கம்தான். “எங்க தாத்தா எண்பது வயசு வரைக்கும் குடிச்சாரு” என்பார். சொல்லச் சொல்ல அவர் காதிலேயே அது நியாயமாக ஒலிக்கத் தொடங்கும். மனிதர்கள் அடுத்தவர் வாயிலிருந்து வருவதைவிடத் தங்கள் வாயிலிருந்து வருவதையே நம்புகிறார்கள். ஆகவே விடுவதற்கான காரணங்களைச் சொல்ல வேண்டியவர் அவர். சொல்ல வைப்பது ஆலோசகரின் வேலை. எந்த உத்தியைக் கற்றாலும் இதை விட்டுவிட்டால் பயனில்லை. இதற்குப் பெரிய எதிரி, தப்பைப் பார்த்த உடனே திருத்தத் துடிக்கும் நல்ல மனசு. அக்கறை உள்ளவர்களிடம்தான் இது அதிகம்.

நடைமுறையில் முதலில் பழக வேண்டியது, கேட்டதைத் திருப்பிச் சொல்வது. கிளிப்பிள்ளை மாதிரி அல்ல; சொன்னதற்கு அடியில் இருப்பதை ஊகித்துச் சொல்வது. இதில் தமிழ் நமக்கு ஒரு வசதி செய்து தருகிறது. “வீட்ல எல்லாரும் நச்சரிக்கிறாங்க” என்று ஒருவர் சொன்னதும் “உங்களுக்கு எரிச்சலா இருக்கா?” என்றால் அது கேள்வி, ஆமாம், இல்லை என்பதோடு முடியும். அந்தக் கடைசி ‘ஆ’வை எடுத்துவிட்டு, குரலையும் இறக்கி, அடியில் இருப்பதை ஊகித்து, “உங்களை யாரும் நம்பலையேன்னு இருக்கு” என்று சொல்லிப் பாருங்கள். ஊகம் சரியென்றால் தொடர்வார், தப்பென்றால் திருத்துவார். எப்படியும் பேச்சு ஒரு படி ஆழமாகும். இப்படித் திருப்பிச் சொல்வதற்குப் பிரதிபலிப்பு என்று பெயர்; ஒரு கேள்விக்கு இரண்டு பிரதிபலிப்பு என்பது இத்துறையில் நல்ல திறமைக்கான அளவுகோல். புதிதாகப் பழகுபவர்கள் தங்கள் ஒலிப்பதிவைக் கேட்டு எண்ணினால் பெரும்பாலும் கணக்கு தலைகீழாக இருக்கும். நாலு கேள்வி வரிசையாகப் போனால் அது விசாரணை. எதிரே இருப்பவரும் விசாரணைக்குப் பதில் சொல்வது போலத்தான் பேசுவார்.

இரண்டு மனத்தையும் சேர்த்துத் திருப்பிச் சொல்லும்போது வரிசை முக்கியம். “குடிச்சாத்தான் தூக்கம் வருதுங்கறீங்க, அதே நேரத்துல காலையில கை நடுங்கறது உங்களைப் பயமுறுத்துது.” விடும் பக்கம் கடைசியில் வர வேண்டும், ஏனென்றால் எந்த இடத்தில் நிறுத்துகிறோமோ அங்கிருந்துதான் அவர் பேச்சை எடுப்பார். நடுவில் ‘ஆனா’ போடாதீர்கள். அந்த ஒரு சொல் முன்பாதியை அழித்துவிடும். தூக்கம் வராத கஷ்டத்தை நீங்கள் கேட்கவே இல்லை என்றாகிவிடும்.

இனி காது. விடுவதை நோக்கிய பேச்சு எது என்று பிரித்தறியும் காதுதான் இந்தச் சிகிச்சையின் பாதி. தமிழில் வினைமுற்றைக் கவனித்தாலே போதும். “விட்டா நல்லாருக்கும்” என்பது ஆசை. “முன்னாடி மூணு மாசம் நிறுத்தியிருக்கேன்” என்பது முடியும் என்ற நினைப்பு. “பொண்ணு என்கிட்ட பேசறதில்ல” காரணம். “விட்டே ஆகணும்” தேவை. இந்த நான்கும் தயாரிப்புப் பேச்சு. “விடப்போறேன்”, “திங்கக்கிழமை டாக்டரைப் பாக்கறேன்”, “நேத்து வாங்காம வந்துட்டேன்” என்று மாறும்போது செயலை நோக்கித் திரும்பிவிட்டார் என்று பொருள். இவற்றில் எது காதில் விழுந்தாலும் அதைத் தாண்டி அடுத்த கேள்விக்குப் போகாதீர்கள். நின்று, “அந்த மூணு மாசம் எப்படிச் சமாளிச்சீங்க?” என்று கேளுங்கள். எதைத் தொட்டுப் பேசுகிறோமோ அதுதான் வளரும்.

“சரி சார், இனிமே தொடவே மாட்டேன்” என்று முதல் சந்திப்பிலேயே வரும் சத்தியத்தில் குடும்பத்தார் மகிழ்ந்துபோவார்கள். காரணம் எதுவும் சொல்லாமல் வந்த உறுதிமொழி பெரும்பாலும் பேச்சை முடிப்பதற்கானது. அதை மறுக்கவும் வேண்டாம், கொண்டாடவும் வேண்டாம். “அவ்வளவு உறுதியா சொல்றீங்க. எது இப்படிச் சொல்ல வைக்குது?” என்று கேட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

தலைப்பில் உள்ள கேள்விக்கு வருகிறேன். ஆலோசகர்கள் வைத்திருக்கும் கருவிகளில் மிகச் சிறியது இது. “பூஜ்யத்துலேர்ந்து பத்து வரைக்கும் வச்சா, குடியை விடறது இப்ப உங்களுக்கு எவ்வளவு முக்கியம்?” அவர் நாலு என்கிறார். உடனே நாக்கு நுனிக்கு வருவது, “ஏன் எட்டு இல்லை?” கேட்டுவிடாதீர்கள். கேட்டால் விடாமல் இருப்பதற்கான காரணங்களை அவர் வரிசையாக எடுத்துவைப்பார். “ஏன் நாலு? ஏன் ரெண்டு இல்லை?” என்றால் ரெண்டிலிருந்து நாலுக்கு அவரை ஏற்றிய காரணங்கள் வெளியே வரும். பூஜ்யம் என்று சொல்லிவிட்டால் இந்தக் கேள்வி செல்லாது. “என்ன நடந்தா அது ஒண்ணோ ரெண்டோ ஆகும்?” என்று மாற்றிக் கேட்க வேண்டும்.

முக்கியத்துவத்தை அளந்தபின் நம்பிக்கையையும் தனியாக அளக்க வேண்டும்: “விடணும்னு முடிவெடுத்தா, முடியும்னு எவ்வளவு நம்பிக்கை?” முதலாவதில் ஒன்பது, இரண்டாவதில் இரண்டு சொல்பவருக்குக் குடியின் கேடுகளைச் சொல்வது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதுதான். அவருக்குக் காரணங்கள் போதும். முன்பு எப்போது முடிந்தது, எங்கே சறுக்கியது, மருந்து என்ன உதவும், யார் துணை என்ற பேச்சே தேவை. விடுவது முக்கியம் என்றே நினைக்காதவர், முக்கியம் என்று நினைத்தும் நம்பிக்கை இல்லாதவர் என்ற இருவகை ஆட்களையும் ஒரே மாதிரி நடத்துவதால்தான் பாதிப் பேர் நழுவுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

நல்லது கெட்டது இரண்டையும் எழுதிப் பார்க்கச் சொல்லும் பழைய பயிற்சி ஒன்று பல கையேடுகளில் உண்டு. இன்னும் முடிவெடுக்காதவரிடம் அதைச் செய்தால் குடியின் நன்மைகளை அவரே விரிவாகப் பேசிப் பேசி உறுதிப்பட்டுவிடலாம் என்று மில்லரே பின்னாளில் எச்சரித்தார்.

தகவலே சொல்லக் கூடாதா? சொல்லலாம், அனுமதி கேட்டு. முதலில், “கல்லீரலைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?” பிறகு, “சோதனை முடிவைச் சொல்லட்டுமா?” சொன்னபின், “இதைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?” நடுவில் இருக்கும் தகவல் இரண்டு மூன்று வாக்கியங்களைத் தாண்டக் கூடாது. உதாரணத்துக்கு, குடிப்பழக்கத்தை மதிப்பிடும் ஆடிட் என்ற வினாத்தாளில் 10 கேள்விகள், மதிப்பெண் 0 முதல் 40 வரை. 8 அல்லது அதற்கு மேல் போனால் குடி ஆபத்தான அளவை எட்டியிருக்கலாம். 20 அல்லது அதற்கு மேல் என்றால் அடிமைத்தனம் இருக்கிறதா என்று முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும். “உங்க மதிப்பெண் 23. இந்த அளவுல இருக்கறவங்களை நாங்க முழுசா பரிசோதிப்போம்” என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்து வரும் மௌனத்தை நீங்கள் நிரப்ப வேண்டாம்.

இப்படித் தனிப்பட்ட சோதனை முடிவுகளோடு சேர்ந்த குறுகிய வடிவத்துக்கு ஊக்கம் கூட்டும் சிகிச்சை என்று பெயர். அமெரிக்காவில் 1,726 பேரை வைத்து நடந்த ப்ராஜெக்ட் மேட்ச் ஆய்வில் இது 12 வாரங்களில் 4 சந்திப்புதான்: முதல் வாரம் முடிவுகளைப் பகிர்தல், இரண்டாம் வாரம் திட்டம், பிறகு ஆறாவதும் பன்னிரண்டாவதும். அதே ஆய்வில் இதோடு ஒப்பிட்ட மற்ற இரண்டு சிகிச்சைகளுக்குத் தலா 12 சந்திப்பு. 1997-இல் வந்த முடிவுகளில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இதை வைத்து நாலு சந்திப்பு எல்லாருக்கும் போதும் என்று நினைக்க வேண்டாம். அதில் சேர்ந்தவர்கள் ஏற்கெனவே சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டு, பல மணி நேர மதிப்பீட்டையும் கடந்து வந்தவர்கள்.

வரவே மறுப்பவர் விஷயத்தில் குடும்பத்தையே பயிற்றுவிக்கும் முறை ஒன்று உண்டு, பெயர் கிராஃப்ட். போதையில்லாத நேரத்தில் அன்பாகப் பழகுவது, போதையில் இருக்கும்போது விலகிக்கொள்வது, அவர் தானே வருந்தும் வேளை பார்த்துச் சிகிச்சையைப் பற்றிப் பேசுவது, அன்றைக்கே அழைத்துப் போக இடம் தயாராக வைத்திருப்பது. 1999-இல் 130 குடும்பத்தாரை வைத்து நடந்த ஆய்வில், இவ்வழியில் 64 சதவீதம் பேரின் உறவினர் சிகிச்சைக்கு வந்தார்கள். எல்லாரும் கூடி உட்கார்ந்து முகத்துக்கு நேரே பேசும் முறையில் 30 சதவீதம்; அதிலும் பெரும்பாலான குடும்பங்களுக்கு அந்தச் சந்திப்பை நடத்தவே மனம் வரவில்லை.

வற்புறுத்தி அனுப்பப்பட்டவரிடம் எனக்குப் பிடித்த தொடக்கக் கேள்வி: “உங்களை அனுப்பினவங்க எதைப் பாத்துப் பயந்திருப்பாங்க?” ஒப்புக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லாமலே அவர் பேச ஆரம்பித்துவிடுவார்.

எல்லாம் கூடி வந்த அன்றைக்குத்தான் ஒரு ஆபத்தும் இருக்கிறது. மனம் முழுதாகத் திரும்பிய ஒருவர், “இன்னிக்கு ராத்திரியோட சரி” என்று வீட்டுக்குப் போய் நிறுத்திவிடுவார். பல மாதங்களாகத் தினமும் நிறையக் குடித்தவருக்கு நிறுத்திய முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் குழப்பம், இல்லாததைக் காண்பது, காய்ச்சல் என்று உயிருக்கே ஆபத்தான நிலை வரலாம். தூக்க மாத்திரை வகையிலும் திடீர் நிறுத்தம் இதே மாதிரி ஆபத்தானது. ஆகவே “விடப்போறேன்” என்று கேட்டதும் மகிழ்ச்சியைக் கொஞ்சம் ஒத்திவைத்து, கடைசியாக எப்போது குடித்தார், தினமும் எவ்வளவு, முன்பு நிறுத்தியபோது நடுக்கமோ வலிப்போ வந்ததா என்று கேட்டுவிட்டு, மருத்துவரைப் பார்க்கும் வரை தானாக நிறுத்த வேண்டாம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். ஹெராயின் வகைப் போதையில் ஆபத்து மறுபக்கம்: சில வாரம் நிறுத்தியவரின் உடல் பழைய அளவைத் தாங்காது, சறுக்கினால் அதே அளவு உயிரைப் பறிக்கும். திட்டத்தில் நாள், மருத்துவமனை, கூட வருபவர், ராத்திரி ஏக்கம் வந்தால் யாரைக் கூப்பிடுவது எல்லாம் எழுதியபின், “ஒருவேளை சறுக்கினா மறுநாள் காலையில என்ன செய்வீங்க?” என்பதற்கான பதிலையும் அவர் கையெழுத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.