தலாய் லாமாவும் தேத்தண்ணிக் கடையும்

புதுக்குடியிருப்பில தேத்தண்ணிக் கடைக்கார அண்ணை ஃபோனில திபெத்தின்ர புத்த குரு தலாய் லாமாவின்ர பேச்சைப் போட்டிருந்தார். சீனச் சனத்தில தனக்குக் கோவமில்லை எண்டு சொல்லிப்போட்டு மனுசன் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார்.

"ஊரை விட்டிட்டு வந்தவருக்கு எப்பிடியடாப்பா சிரிப்பு வருது?" எண்டார் ஒரு ஐயா. சீனா பிடிச்ச திபெத்தை விட்டு 1959இல வெளிக்கிட்டவர், இன்னும் திரும்பிப் போகேல்லை. கேப்பாப்பிலவில ஆமி பிடிச்ச காணிக்காக ரோட்டில குந்தின சனத்திட்டப் போய்ச் சிரிக்கச் சொல்லேலுமோ?

பக்கத்தில நிண்ட பொடியனுக்கு வேற கடுப்பு. தனிநாடு வேண்டாம், தன்னாட்சி காணும் எண்டவரெல்லோ, எங்கட எம்பிமாரின்ர கதை மாதிரித்தான் கிடக்காம். ஆச்சி மட்டும் ஃபோனை வாங்கி முகத்துக்குக் கிட்டப் பிடிச்சுப் பாத்தா. "நல்ல முகம் மோனை. இவரை இஞ்ச ஒருக்காக் கூப்பிடுங்கோவன்."

ஆர் ஆச்சி கூப்பிடுறது? புத்த மதத்துக்கு முதலிடம் எண்டு அரசியல் யாப்பிலயே எழுதி வச்சிருக்கிற நாடுதான், எண்டாலும் அந்த மனுசன் இண்டைவரைக்கும் இஞ்ச வந்ததில்லை.

எனக்கும் காவியைக் கண்டா, எங்கட சனம் வேண்டாமெண்டும் விகாரை கட்டின குருந்தூர்மலைதான் முதல் ஞாபகம் வரும், பொய் சொல்லேல்லை. ஆனா இவரைச் சும்மா சாந்தசொரூபி எண்டு தள்ளேலாது. 1989இல நோபல் வாங்கின மேடையிலயும் திபெத்தைப் பற்றித்தான் கதைச்சவர். கோவமில்லை எண்டுதான் சொல்லுறார், மறந்திட்டன் எண்டில்லை. கடையில ஒருத்தரும் அதைக் கவனிக்கேல்லை.