அடுத்த குழு வர்ற வரைக்கும்

மழைத்தண்ணீர் அரிக்காமல் இருக்க மலை நடைபாதையின் குறுக்கே புதைக்கும் கட்டைகளில், ஒன்பதாவது கட்டைக்குப் பள்ளம் வெட்டிக்கொண்டிருந்தபோது வந்த கேள்வி அது. "இது எத்தனை நாள் தாங்கும்?" கேட்டவர் குழுவில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகாதவர். நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அடுத்த குழு வர்ற வரைக்கும்" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

பொய் ஒன்றும் சொல்லவில்லை. பாதை வேலையில் இருக்கும் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் அந்த ஒன்பது கட்டைகளைப் போடுவதற்கு முன்னால், அதே இடத்தில் உளுத்துப்போய்க் கிடந்த ஐந்து பழைய கட்டைகளைப் பிடுங்கிப் போட்டிருந்தோம். ஒவ்வொன்றின் மேல்பக்கமும் விளிம்பு வரை வண்டல். ஒன்று மண்ணைவிட்டே கிளம்பிப் பாதையோரம் புரண்டு கிடந்தது. அந்தக் கட்டைகளைப் போட்டவர்கள் காத்திருந்த 'அடுத்த குழு' நாங்கள்தான். அப்படியானால் என் பதில் வேடிக்கைப் பேச்சு இல்லை, நடந்து முடிந்த ஒன்று. அது அவருக்கு அப்போதே தெரிந்திருந்ததா என்பதுதான் என்னை விடமாட்டேன் என்கிறது.

அந்தத் துண்டின் நீளம் சுமார் 130 மீட்டர். மலைச்சரிவு 20 சதவீதம். சரிவை அளக்கும் கிளினோமீட்டரை வைத்துப் பார்த்தால் பாதையின் ஏற்றம் 16. இந்த இரண்டு எண்ணும் போதும், மீதியைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். பாதையின் ஏற்றம் சரிவின் ஏற்றத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்பது இந்த வேலையில் முதலில் கற்றுக்கொள்ளும் கணக்கு. 20 சதவீதச் சரிவில் 10 வரை போகலாம். அதைத் தாண்டினால் பாதை மலையைக் குறுக்கே கடப்பதை விட்டுவிட்டு மலையோடு சேர்ந்தே கீழே இறங்க ஆரம்பிக்கிறது. தண்ணீருக்குப் பாதையைக் கடந்து வெளியே போவதைவிடப் பாதையோடு ஓடுவது சுலபமாகிவிடுகிறது. தளத்தை 5 சதவீதம் வெளிப்பக்கம் சாய்த்து வெட்டினாலும் அங்கே அது எடுபடாது. முன்னால் 16, பக்கத்தில் 5 என்றால் தண்ணீர் எந்தப் பள்ளத்தைத் தேடும்?

தண்ணீர் ஓடிய பாதை ஆழமாகும். ஆழமான பாதையில் கால் வழுக்கும். நடப்பவர்கள் ஓரத்துக்கு ஏறுவார்கள், ஓரத்துப் புல் சாகும், பாதை அகலமாகும், அகலமான பாதை இன்னும் அதிகத் தண்ணீரைப் பிடிக்கும். நாங்கள் போனபோது நடுவில் முழங்கால் ஆழத்துக்கு ஓடை மாதிரி இருந்தது.

அதில் குறுக்குக் கட்டை போடுவது எப்படி என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் அந்த வேலையில் குறை வைக்கவில்லை என்று இன்னும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். இருபது, இருபத்தைந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள கட்டை, பட்டை முழுக்க உரித்தது. பட்டையை விட்டால் ஈரம் அதன் அடியில் தங்கிச் சீக்கிரம் உளுக்கும். நீளம் பாதையின் அகலத்தோடு நிற்கக் கூடாது. சாய்வாகக் கிடந்து, இரண்டு பக்கமும் ஓரடி மண்ணுக்குள் போக வேண்டும். இல்லாவிட்டால் நடப்பவர்கள் கட்டையின் முனையைச் சுற்றிப் போவார்கள், தண்ணீரும் அவர்கள் பின்னாலேயே போகும். இரண்டரை மீட்டர்க் கட்டை பச்சையாக இருந்தால் நூறு கிலோ பக்கம் வரும். அது அமெரிக்காவின் 1964ஆம் ஆண்டுக் காட்டுநிலச் சட்டம் நடைமுறையில் உள்ள பகுதி என்பதால் மோட்டார் ரம்பத்துக்கு வழியில்லை. விழுந்து கிடந்த மரங்களை இருவர் இழுக்கும் ரம்பத்தால் அறுத்தோம். இரண்டு முனையும் தாங்கலில் கிடந்து நடு தொங்கும் மரத்தை மேலிருந்து அறுத்தால் வெட்டு வாய் மூடிக்கொண்டு ரம்பத்தைக் கவ்வும். அதனால் கொஞ்சம் அறுத்ததும் ஆப்பு, மறுபடி கொஞ்சம், மறுபடி ஆப்பு.

பள்ளம் பாதைக்கு 45 பாகையை ஒட்டிய சாய்வில் இருக்க வேண்டும். நேர்க்குறுக்காகப் போட்டால் தண்ணீர் முட்டி நின்று, சுமந்து வந்த மண்ணை அங்கேயே இறக்கிவிடும். ரொம்பச் சாய்த்தாலோ, வேகமெடுத்துக் கட்டையின் அடிமண்ணை அரிக்கும். கட்டையில் பாதிக்கு மேல் புதைந்து, ஆட்டினால் அசையாமல் இருக்க வேண்டும். ஏறி நின்று குதித்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். கீழ்ப்பக்கம் கட்டையின் உச்சி வரை மண் போட்டு மிதித்து இறுக்க வேண்டும். மேல்பக்கம் அகலமாகக் குழிவு. அதன் கடைசியில் தண்ணீர் வெளியேற வாய். கட்டை தண்ணீரைத் திருப்புகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். திருப்புவது குழிவு, கட்டை அதற்குக் காவல். வாய் அடைத்தால் இரண்டும் வீண். பள்ளமாகிப்போன பாதையில் வாய் என்பது ஒரு மண்வெட்டி அகலத்தில் முடிகிற வேலை இல்லை. பக்கவாட்டு மேட்டை உடைத்து மூன்று, நான்கு மீட்டர் வாய்க்கால் வெட்டினால்தான் தண்ணீர் திரும்பி வராத இடத்துக்குப் போய்ச் சேரும். வெட்டிய மண்ணை வாய்க்கு எதிரே குவித்துவிட்டுப் போகும் குழுக்களும் உண்டு. அந்தக் குவியல் அடுத்த மழையில் வரப்பாகிவிடும்.

இத்தனையும் சரியாகவே செய்தோம். பதினைந்து மீட்டருக்கு ஒன்று வீதம் ஒன்பது.

ஆனால் சரியாகப் போட்ட கட்டையும் வண்டலால்தான் சாகும். உளுத்துச் சாவதற்கு முன்பே அந்தச் சாவு வந்துவிடும். குழிவு நிறைந்ததும் தண்ணீர் கட்டையின் மேலேறிக் குதிக்கும், குதித்த இடத்தில் குழி பறிக்கும், அடுத்த கட்டைக்கு இருமடங்கு மண்ணைக் கொண்டுபோய்க் கொடுக்கும். ஒன்று போனால் வரிசையே போகும். ஆண்டுக்கு ஒருமுறையாவது யாராவது மண்வெட்டியோடு ஏறி ஒன்பது வாயையும் திறந்துவிட வேண்டும். யார்?

அவர் கேட்ட கேள்வியின் உள்ளே இன்னொரு கேள்வி இருந்திருக்கலாம். முந்தின நாள் அவர் கிளினோமீட்டரை வாங்கி மேலும் கீழும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை. பாதி விதி அவருக்குத் தெரியும், பயிற்சியில் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆக "எத்தனை நாள் தாங்கும்" என்பதன் அர்த்தம், "இந்தப் பாதை இங்கே இருக்கவே கூடாது இல்லையா?" என்பதாக இருக்கலாம்.

இருக்கக் கூடாதுதான். ஆனால் மாற்றுப்பாதை என்றால் என்ன என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 130 மீட்டரில் 16 சதவீதம் என்றால் உயரம் ஏறக்குறைய 21 மீட்டர். அதை 8 சதவீதத்தில் ஏற 260 மீட்டர் புதுப்பாதை வேண்டும். கொட்டிய மண் காலப்போக்கில் வழிந்துவிடும் என்பதால், முழுத் தளமும் வெட்டிய அடிமண்ணிலேயே அமைய வேண்டும். தொண்ணூறு சென்டிமீட்டர் அகலத்துக்கு, 20 சதவீதச் சரிவில், தளத்துக்கு மட்டும் சுமார் 16 கனமீட்டர் மண். மேல்பக்கத்துச் சரிவைச் சீவுவதும் இலைமக்கை வாரி எறிவதும் தனி. எங்கள் வேகத்தில் வேர் நிறைந்த மண்ணில் ஓர் ஆள் ஒரு நாளைக்கு ஐந்தாறு மீட்டர். ஏழு பேர் வெட்டினாலும் ஒரு வாரம் பிடிக்கும். எங்களுக்கு அவ்வளவு நாள் இல்லை. அதோடு, கூட்டரசு நிலத்தில் புதுமண்ணைத் தொட வேண்டுமானால் 1966ஆம் ஆண்டின் வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டம், 1970இல் வந்த சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம் இரண்டின்படியும் ஆய்வு நடக்க வேண்டும். குழுத் தலைவன் கொடியை நட்டுக் கோடு இழுத்துவிட முடியாது.

பழைய பாதையை மூடுவது அதைவிடப் பெரிய வேலை. மேல் முனையிலும் கீழ் முனையிலும் கண்ணுக்குத் தெரியும் தூரம் வரை மண்ணைக் கொத்திவிட்டு, செடி பெயர்த்து நட்டு, விழுந்த மரங்களை இயற்கையாக விழுந்தது போலவே கிடத்தி, ஓடையாகிப்போன நடுவில் தடுப்புகள் கட்டி வண்டலைப் பிடிக்க வேண்டும். அரைகுறையாக மூடினால் ஜனங்கள் பழைய வழியில்தான் ஏறுவார்கள், ஒரு பாதைக்குப் பதில் இரண்டு பாதை அரிக்கும். இதையெல்லாம் அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அது பதில். நான் சொன்னது பதில் இல்லை.

அவர் எங்கோ ஒரு பூங்காவில் 1930களின் கல்படிகளைப் பார்த்ததாக முன்பு சொல்லியிருந்தார். 1933 முதல் 1942 வரை இயங்கிய சிவிலியன் கன்சர்வேஷன் கோர் என்ற அரசு வேலைத்திட்டத்தின் இளைஞர்கள் வைத்தவை. மாதம் 30 டாலர் சம்பளம், அதில் 25 போல வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவர்கள் வைத்த படி பல இடங்களில் அசையாமல் நிற்கிறது. நம் கட்டை? ஒப்பிட்டால் வலிக்கும். ஆனால் ஒப்பீடு நியாயமில்லை. கல்படி கீழிருந்து மேலே போக வேண்டும். கீழ்க்கல்லின் பின்பகுதி மேல் அடுத்த கல் ஏறி உட்கார வேண்டும், கல்லின் பெரும்பகுதி மண்ணுக்குள் போக வேண்டும். ஒவ்வொரு கல்லும் நூறு, நூற்றைம்பது கிலோ. கடப்பாரையால் நெம்பி அங்குலம் அங்குலமாக நகர்த்துவது. நாங்கள் இருந்த சரிவில் தலையணை அளவுக் கல்கூட இல்லை. விழுந்துபோன படிகளை யாரும் படம் எடுப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு நேரம் எழுதியது எல்லாம் என் பக்கத்து வாதம். இதில் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு.

அந்தச் செங்குத்துத் துண்டில் ஓடிய தண்ணீர் அங்கே பெய்த மழை மட்டும் இல்லை. அதற்கு மேலே நாற்பது மீட்டர், ஏற்றம் 6 சதவீதம், சரிவைக் குறுக்கே கடக்கிற நல்ல பாதை. வெளிவிளிம்பில் பல ஆண்டுகளாக மண் ஒதுங்கி வரப்பு கட்டியிருந்தது, அவ்வளவுதான். வரப்புக்குள் சிக்கிய தண்ணீர் நாற்பது மீட்டரும் சேர்ந்து வந்து கீழ்த்துண்டின் தலையில் விழுந்தது. அந்த வரப்பை மெக்லவுடால் (ஒரு பக்கம் வாரி, மறுபக்கம் மண்வெட்டி போன்ற அலகு உள்ள கருவி) இழுத்து உடைத்து, இரண்டு இடத்தில் பாதையையே ஒரு தாழ்வும் மேடுமாக மாற்றியிருந்தால் போதும். நடப்பவர் கவனிக்கவே மாட்டார். நாலு, நாலரை மீட்டருக்கு மெல்ல இறங்கி, தாழ்வில் வெளிப்பக்கம் நன்றாகச் சாய்ந்து, பிறகு இறுக்கிய மண்ணில் மெல்ல ஏறும். கட்டை இல்லை, உளுக்க எதுவும் இல்லை. வாயும் அகலம் என்பதால் சுலபத்தில் அடைக்காது. ஒரு கட்டை போடும் நேரத்தில் ஒரு தாழ்வு வெட்டிவிடலாம், பல சமயம் அதற்கும் குறைவு. புதுமண்ணைத் தொடும் கேள்வியும் இல்லை, ஏற்கெனவே இருக்கும் பாதைதானே.

இது எனக்கு இப்போது தோன்றிய யோசனை இல்லை. முதல் நாள் நடந்து பார்த்தபோதே தெரியும். ஆனால் அலுவலகத்திலிருந்து வந்த வேலைத்தாளில் 'குறுக்குக் கட்டை, 9' என்று இருந்தது. எட்டு முடிந்து அரை நாளும் ஒரு காலையும் மீதமிருந்தபோது, மேலே போகலாமா ஒன்பதாவதைப் போடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். ஒன்பதாவதைப் போட்டேன். எட்டு என்று எழுதினால் ஏன் எட்டு என்று கேட்பார்கள். மேலே வெட்டிய தாழ்வுகளுக்குத் தாளில் கட்டம் இல்லை.

மேலே மண் ஆழம் குறைவு, தாழ்வு வெட்டினால் வேர்கள் வெளியே வந்திருக்கும் என்று சில நாள் தோன்றுகிறது. உண்மையாகவும் இருக்கலாம், தோண்டிப் பார்க்கவில்லையே. ஒன்பதாவது கட்டை வீண் இல்லை என்றும் தோன்றுகிறது. எட்டாவதற்குக் கீழே அது இல்லாமல் பாதை திறந்து கிடந்திருக்கும். குழுவில் ஒருவர் தாளை மீறினால் அடுத்த முறை எட்டு பேரும் எட்டு விதமாக மீறுவார்கள், அப்படி வெட்டிக் குழப்பிய பாதைகளையும் சரிசெய்திருக்கிறேன். எல்லாம் சரி. அவர் அந்தக் கேள்வியைக் கேட்டது எட்டாவதிலோ ஏழாவதிலோ இல்லை, ஒன்பதாவதில். அது தற்செயல் என்று நம்பவே விரும்புகிறேன்.

குறிப்புக் கட்டத்தில், 'வாய்களில் ஆண்டுக்கு ஒருமுறை மண் அள்ள வேண்டும். மேல் 40 மீட்டரில் வரப்பு உடைக்க வேண்டும்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். இரண்டாவது வரியை எழுதும்போது பேனாவை நிறுத்தி, பிறகு எழுதினேன்.

கடைசி நாள் காலை கருவிகளைத் தோளில் வைக்காமல், சரிவுப் பக்கத்துக் கையில், கூர்முனை முன்னால் பார்க்கத் தாழ்வாகப் பிடித்துக்கொண்டு, ஆளுக்கு ஆள் பத்தடி இடைவெளி விட்டு இறங்கினோம். முதல் கட்டை அருகே அவர் நின்றார். மெக்லவுடின் உறையைக் கழற்றி, வாயை இன்னும் ஒரு கையகலம் இழுத்துத் திறந்துவிட்டு, மேலே அந்த நாற்பது மீட்டர்ப் பக்கம் ஒருமுறை பார்த்தார். வண்டிக்கு நேரமாகிவிட்டது, உறையைப் போடு என்று சொன்னேன்.