மூன்றாவது சென்சார்

"மூன்றாவது போயிடுச்சும்மா, அதை விட்டுடு" என்று சொன்னேன். என்னுடன் சோதனையில் இருந்த பெண் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். "போறதா இருந்தா க்யூரிங்லயே போயிருக்கணுமே சார்?" என்றார். கார்பன் இழைகளைப் பிணைக்கும் ரெசினைச் சூட்டில் இறுக வைப்பதுதான் க்யூரிங்.

அன்று பாலிஇமைட் (சூடு தாங்கும் ரெசின்) கார்பன் பேனலை 280 டிகிரி செல்சியஸில் நிறுத்தி வைத்திருந்தோம். கண்ணாடி ஃபைபரில் எழுதி உள்ளே புதைத்த நான்கு பிராக் கிரேட்டிங்குகளில் (குறிப்பிட்ட ஓர் அலைநீள ஒளியை மட்டும் திருப்பி அனுப்பும் சென்சார்கள்) மூன்று அசையவில்லை. வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிளும் அப்படியே. மூன்றாவதன் பீக், அதாவது அது திருப்பி அனுப்பும் அலைநீளம், மட்டும் ஆறு மணி நேரத்தில் 0.12 நானோமீட்டர் இறங்கியிருந்தது. 1550 நானோமீட்டரில் ஒரு மைக்ரோஸ்ட்ரெய்னுக்கு (நீளத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாற்றம்) ஏறக்குறைய 1.2 பிக்கோமீட்டர் நகரும். அந்தக் கணக்கில் பார்த்தால் 100 மைக்ரோஸ்ட்ரெய்ன் அமுக்கம். சின்ன விஷயமில்லை.

என் பக்கமும் நியாயம் இருந்தது. சாதாரண கிரேட்டிங் சூட்டில் மெல்ல அழியும். அழியும்போது பிரதிபலிப்பு குறையும், அலைநீளமும் சரியும். இங்கே இரண்டும் நடந்தன. ஆனால் புதைப்பதற்கு முன்பே அவற்றை 350 டிகிரியில் வாட்டி எடுத்திருந்தோம், பிறகு 316 டிகிரி க்யூரிங்கையும் தாங்கி வந்தவை. அவர் கேட்டது அதைத்தான். வெளிச்சம் குறைந்ததற்கு, பேனல் விளிம்பில் ஃபைபர் வெளியேறும் இடத்தில் விழுந்த வளைவு காரணமாக இருக்கலாம். அங்கேதான் ஃபைபர் அடிக்கடி உடையும். அப்படியென்றால் அலைநீளம் ஏன் இறங்கியது? அதை அன்று நான் வாய்விட்டுக் கேட்கவில்லை.

உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது என்பதால்தானே ஃபைபரைப் புதைக்கிறோம்? அது ஏதோ சொல்ல வந்தபோது, கெட்டுப்போய்விட்டது என்றேன். மற்ற மூன்றும் எனக்குப் பிடித்த பதிலைச் சொன்னதால் அவற்றைச் சந்தேகிக்கவில்லை.

அறிக்கையில் "ஒரு சென்சார் செயலிழந்தது" என்று ஒரே வரி. அல்ட்ராசோனிக் ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. சரி, என் முடிவு தப்பில்லை என்று அப்போது நிம்மதியானேன். ரெசினில் விழும் நுண்விரிசல்கள் அதில் தெரியாமலும் போகும் என்பது எனக்குத் தெரியாததல்ல. வெட்டிப் பார்த்திருக்கலாம். அடுத்த சோதனைக்கு அதே பேனல் வேண்டியிருந்தது.

அந்தத் தரவை இப்போதும் திறந்து பார்க்கிறேன். நாலாவது மணியில் கோட்டில் ஒரு சின்னப் படி இருக்கிறது. அழியும் கிரேட்டிங் வழுக்கிக்கொண்டுதான் இறங்கும், படி விழாது. யாராவது கனெக்டரைத் தொட்டிருப்பார்களோ என்று யோசிப்பேன். தொட்டிருந்தாலும் வெளிச்சம்தான் குறையும். அலைநீளம் அவ்வளவு இறங்காது.