கேடயம் வாங்கிய ஷிப்ட்

ஷிப்ட் சூபர்வைசர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி வைக்க வேண்டும், ஆட்களை எப்படி நடத்துவது என்பதற்கு இப்போது வந்திருக்கும் பாடங்களைப் பார்த்து நல்லதாக எடுங்கள் என்றார் ஜி.எம். கோயம்புத்தூர்ப் பக்கம் வால்வு பாகங்கள் கடைகிற ஃபேக்டரி எங்களுடையது. எச்.ஆரில் எனக்குப் பதினேழு வருடம். இது ஒரு வேலையா என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன்.

மூன்று வாரம் ஆனது. கட்டுரை, வீடியோ, ஸ்லைடு என்று அறுபதைத் தாண்டிப் பார்த்திருப்பேன். நாலில் மூன்று, ஒன்றைப் பார்த்து இன்னொன்று எழுதியது.

முதலில் அடிபட்டது, மனிதனின் தேவைகளைப் படிப்படியாக அடுக்கிக் காட்டும் மாஸ்லோவின் பிரமிடு. ஆபிரகாம் மாஸ்லோ 1943-ல் எழுதிய கட்டுரையில் பிரமிடே கிடையாது; பிற்பாடு வேறு ஆட்கள் வரைந்து அவர் தலையில் கட்டியது. இதைத்தான் பத்து வருடம் கலர் சார்ட் போட்டு நானே நடத்தியிருக்கிறேன். அப்புறம் அந்த 20-70-10. ஜெனரல் எலக்ட்ரிக்கில் ஜாக் வெல்ச் காலத்து ஏற்பாடு: நூற்றில் மேலே இருபது பேருக்குப் பரிசு, கீழே பத்துப் பேருக்கு வாசல். அதே மாதிரி ஆட்களை வரிசை போட்டுக்கொண்டிருந்த மைக்ரோசாஃப்ட் 2013-லேயே கைவிட்டுவிட்டது. நான் பார்த்த ஸ்லைடுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

‘ஒவ்வொருவருடனும் வாரம் அரை மணி நேரம் தனியாக உட்கார்ந்து பேசுங்கள்’ என்பது கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் இருந்தது. நல்ல யோசனைதான். எங்கள் சூபர்வைசர் ஒருவருக்குக் கீழே 42 பேர். அரை அரை மணியாகக் கூட்டினால் வாரம் 21 மணி நேரம். அவர் வேலை பார்ப்பதே 48. மீதி நேரத்தில் மெஷின், மெட்டீரியல், வராத கான்ட்ராக்ட் ஆள், இன்ஸ்பெக்‌ஷனில் திரும்பி வந்த லாட். எழுதியவர் மனதில் ஏழெட்டுப் பேர் கொண்ட சாஃப்ட்வேர் டீம் இருந்திருக்கிறது. அதை எங்கும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எதைப் படித்தாலும், இது எந்த இடத்தில், யாரை வைத்துப் பார்த்தது என்று தேட ஆரம்பித்தேன். பாதிக்கு மேல் அங்கேயே உதிர்ந்துவிட்டது. கூகுள் தன் மேனேஜர்களைப் பற்றி நடத்திய ஆய்வு உதிரவில்லை, ஆனால் அதை எங்கள் ஷாப் ஃப்ளோருக்கு இறக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கடைசியில் உட்கார வைத்தது ஒரு ஆஸ்பத்திரி ஆய்வு. எமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1996-ல் வெளியிட்டது. இரண்டு ஆஸ்பத்திரிகள், எட்டு வார்டுகள். ஒற்றுமையாக வேலை பார்க்கிற வார்டில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது. நல்ல வார்டுகளில்தான் தவறு அதிகம் பதிவாகியிருந்தது. பிறகுதான் பிடிபட்டது: தலைமை நர்ஸுக்குப் பயப்படாத வார்டில் நடந்ததை எழுதினார்கள், பயந்த வார்டில் மூடி வைத்தார்கள். இன்று ‘சைக்கலாஜிக்கல் சேஃப்டி’, அதாவது தவறைச் சொன்னால் நமக்கு ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கை, என்று எல்லா ஸ்லைடிலும் புன்னகைக்கும் படத்தோடு வருவதற்கு இது ஒரு முக்கிய வேர். ஸ்லைடுகளில் அந்த வார்டு இல்லை.

படித்து முடித்ததும் எனக்கு பி ஷிப்ட் ஞாபகம் வந்தது.

விபத்தாக வேண்டியது மயிரிழையில் தப்பினால் அதை ‘நியர் மிஸ்’ என்று சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். ஆறு மாதம் ஒரு சீட்டுகூட வராத ஷிப்டுக்குக் கேடயம் என்று ஏற்பாடு செய்தது நான்தான். பி ஷிப்டுக்குக் கொடுத்தோம், கேன்டீனில் கைதட்டலோடு. அடுத்த மாதமே அதே ஷிப்டில் லேத்தில் இரும்பைப் பிடித்துச் சுழலும் சக்கில், அதை இறுக்குகிற சாவியை எடுக்காமல் விட்டபடி ஓட்டி, சாவி பறந்து ஒரு டிரெய்னியின் தோளைப் பதம் பார்த்தது. விசாரித்தால், அதற்கு முன் இரண்டு தடவை அதே மாதிரி பறந்திருக்கிறது. யாருக்கும் படவில்லை.

“ஏங்க எழுதிப் போடலை?” என்றேன் சூபர்வைசரிடம்.

“எழுதிப் போட்டா கேடயம் போயிருமுங்களே சார்” என்றார். கிண்டலே இல்லாமல்.

அப்போது அவர் மேல்தான் எரிச்சல் வந்தது. மெமோகூடக் கொடுத்தேன். எட்டு வார்டுக் கணக்கைப் படித்த அன்றைக்குத்தான் அந்த மெமோ யாருக்குப் போயிருக்க வேண்டும் என்று தெரிந்தது.

சரி, இது ஆஸ்பத்திரிச் சமாச்சாரம், ஃபேக்டரிக்குப் பொருந்துமா என்று என்னிடமே கேட்டுக்கொண்டேன். தரம் பற்றிப் பாடம் எடுத்த அமெரிக்கர் எட்வர்ட்ஸ் டெமிங், நிர்வாகத்துக்குச் சொன்ன 14 அம்சங்களில் ஒன்றாகவே ‘பயத்தை விரட்டு’ என்று வைத்திருக்கிறார். அவர் பெயரிலுள்ள பரிசை இந்தியாவில் முதலில் வாங்கியது, 1998-ல், சென்னை பாடியில் அப்போது இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு. டொயோட்டாவில் லைனில் நிற்கிற எந்த ஆளும் கோளாறு கண்டால் கயிற்றை இழுத்து லைனையே நிறுத்தலாம். இதெல்லாம் தரம் பற்றிய பாடம் என்று குவாலிட்டிக்காரர்கள் அலமாரியில் இருந்தது, எங்கள் எச்.ஆர் பக்கம் யாரும் எடுத்து வைக்கவில்லை.

பயிற்சிக்கு நான்கு பாடம் மட்டும் எடுத்துக்கொண்டேன். முதல் நாள் காலையில் பிரமிடுக்குப் பதிலாகக் கேடயக் கதையைச் சொன்னேன், என் பெயரோடு. பி ஷிப்ட் சூபர்வைசர் பின் வரிசையில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேடயத்தை நிறுத்திவிட்டோம். அடுத்த மாதம் பெட்டியில் பதினோரு சீட்டு. ஆறு பி ஷிப்டிலிருந்து. ஜி.எம். கூப்பிட்டு, “என்னங்க, பயிற்சி கொடுத்ததும் கூடிப்போச்சு?” என்றார். அந்த ஆஸ்பத்திரிக் கட்டுரையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.